‘தல்வார்’ – ஒரு படமும் இரண்டு மரணங்களும்

2008 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நிக்காஹ் வீட்டிற்குச் சென்றிருந்தோம். சஹனைச் சுற்றி அமர்ந்த நால்வரில் ஒருவர், தில்லியை அடுத்த நொய்டா நகரில் கொலையுண்ட பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பற்றிப் பேச்செடுத்தார். “பெற்றவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லையே, ஹஜ்ரத்! தொலைக்காட்சியில் எல்லாரும்தான் பார்த்தோம். இதற்கு மேலும் ஒரு சாட்சி வேண்டுமா?” என்றார். மற்ற இருவரும் ஆம் என்றனர். நாமும் தலையசைத்தோம். அவ்வழக்கின் ஏடு ஒன்றையும் நாம் கண்டதில்லை. அந்த ஊரையும் கண்டதில்லை. அத்தாயின் முகத்தைக்கூடச் சில நொடிகளே கண்டிருந்தோம். எனினும் தலை அசைந்துவிட்டது. பல்லாண்டு கழித்து, மகளார் இல்லத்தில் ‘தல்வார்’ என்னும் இந்தித் திரைப்படத்தைக் காண நேர்ந்தபோது அந்தத் தலையசைப்பு நினைவுக்கு வந்து உறுத்திற்று. திரைப்படங்களைப் பற்றி எழுதும் வழக்கமில்லாத நாம் இதனை எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

படம் 2015 அக்டோபர் 2 ஆம் நாள் வெளியானது. இயக்கியவர் மேக்னா குல்சார். உருதுக் கவிஞர் குல்சார் அவர்களின் மகளார். திரைக்கதை எழுதியவர் விஷால் பரத்வாஜ். அதற்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. புலனாய்வு அதிகாரி அஷ்வின் குமாராக இர்பான் கான் நடித்திருக்கிறார். சிறுமியின் பெற்றோராக வருபவர்கள் நீரஜ் கபியும் கொங்கொணா சென் சர்மாவும். தல்வார் என்றால் வாள். நீதிமன்ற வாயில்களில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாவையின் ஒரு கையில் துலாக்கோல் இருக்கிறது, மறு கையில் வாள் இருக்கிறது. நம் பேச்சில் துலாக்கோல்தான் அடிக்கடி வரும், வாளை மறந்துவிடுவோம். படத்தின் பெயர் அதனை நினைவூட்டுகிறது.

படத்தைப் பற்றிச் சொல்லுமுன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இறந்தவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் போதுமான அளவுக்கு ஊர்வாயில் அடிபட்டுவிட்டார்கள். ஆகவே அவர்தம் உண்மைப் பெயர்களை நாம் எழுதப் போவதில்லை.

2008 மே 15 ஆம் நாள் இரவு, பல் மருத்துவத் தம்பதியரின் ஒரே மகள் தன் படுக்கையிலேயே கழுத்து அறுபட்டு இறந்தாள். பதினான்காம் பிறந்த நாளுக்கு இன்னும் சில தினங்களே இருந்தன. வீட்டிலேயே தங்கிப் பணிபுரிந்த, நேபாள நாட்டைச் சேர்ந்த நாற்பத்தைந்து வயதுப் பணியாளரைக் காணவில்லை. காணாதவனே கொலைகாரன் என்று காவல்துறை அக்கணமே முடிவு செய்தது. அவரைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு அறிவித்தது. மொட்டை மாடிக் கதவில் இரத்தக் கறை இருந்தது, கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டை அன்று ஒருவரும் உடைக்கவில்லை. மறுநாள் உடைத்தபோது, தேடப்பட்ட ‘கொலைகாரர்’ அங்கே பிணமாகக் கிடந்தார். அதற்குள் சிறுமியின் உடல் எரியூட்டப்பட்டுவிட்டது. வீட்டினுள் அக்கம்பக்கத்தாரும் செய்தியாளரும் நடந்து நடந்து தடயங்களை மிதித்துவிட்டார்கள்.

ஒரு முடிவு பொய்த்ததும் காவல்துறை நிதானிக்கவில்லை. நேரெதிர் முடிவுக்குத் தாவியது. மே 23 ஆம் நாள் தந்தை கைது செய்யப்பட்டார். செய்தியாளர் கூட்டத்தில் உயர் அதிகாரி ஒருவர், மகளுக்கும் அப்பணியாளருக்கும் தகாத உறவு இருந்ததாகவும், அதனைக் கண்டு சினந்த தந்தையே இருவரையும் கொன்றதாகவும் கூறினார். அப்படிக் கூறியவருக்கு இறந்த குழந்தையின் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை; ‘ஸ்ருதி’ என்று வேறொரு பெயரைச் சொன்னார். பெயர் தெரியாத ஒரு குழந்தையின் நடத்தை மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது! படத்தில் அச்சிறுமிக்கு ‘ஸ்ருதி’ என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. படம் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான கண்டனம் இல்லை.

பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. முதலில் வந்த குழு, அத்தந்தையின் மருத்துவமனைக் கம்பவுண்டரையும் வேறு வீடுகளின் பணியாளர் இருவரையும் பிடித்தது. தந்தை ஜூலையில் வெளியே வந்தார். அம்மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகவே இல்லை. அவர்களும் வெளியே வந்தார்கள். 2009 இல் அதே துறையின் வேறொரு குழு வந்து மீண்டும் பெற்றோரையே நோக்கியது. 2010 டிசம்பரில், ஐயம் தந்தைமேல். ஆனால் நிரூபிக்கச் சான்று போதாது என்று வழக்கை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டது. நீதிமன்றம் இணங்கவில்லை. முடித்துக்கொள்ளக் கேட்ட அறிக்கையே குற்றச்சாட்டாக மாறிப் பெற்றோர் இருவரையும் கூண்டில் ஏற்றியது. 2013 நவம்பரில் இருவருக்கும் ஆயுள் தண்டனை. படம் திரைக்கு வந்த நாளில் அவர்கள் சிறையில் இருந்தார்கள்.

இனிப் படத்திற்கு வருவோம். நடந்த இரவு ஒன்றுதான்; அதை மேக்னா குல்சார் பலமுறை காட்டுகிறார். உள்ளூர்க் காவலர் சொல்வதுபோல் ஒருமுறை, அஷ்வின் குமார் கண்டறிந்ததுபோல் ஒருமுறை, அவருக்குப் பின் வந்த குழு கருதுவதுபோல் மற்றொரு முறை. அதே வீடு, அதே கட்டில், அதே கதவு. ஆனால் ஒருமுறை தந்தையின் கையில் ஆயுதம். ஒருமுறை கம்பவுண்டரின் கையில். இவ்வுத்தி புதியதன்று. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950 இல் எடுத்த ‘ரஷோமோன்’ இதற்குத் தாய். நம் தமிழிலேயே 1954 இல் வீணை எஸ். பாலச்சந்தர் ‘அந்த நாள்’ என்று பாட்டே இல்லாத படம் எடுத்தார்; வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஊகித்துச் சொல்வார்கள். அறுபதைத் தாண்டிய வாசகர்கள் சிலர் அதனை மறந்திருக்க மாட்டார்கள். அது கற்பனை, ஆதலால் இறுதியில் கொலையாளியைக் காட்டிக்கொடுக்க முடிந்தது. ‘தல்வாரு’க்கு அந்த வசதி இல்லை.

முதற்பாதி மிக நன்றாக அமைந்திருக்கிறது. கொலை நடந்த வீட்டுக்குள் ஆள்கள் புழங்கும் காட்சியில் இரைச்சலான இசை இல்லை, திடுக்கிடச் செய்யும் வித்தை இல்லை. சோம்பலும் அறியாமையும் ஒரு குடும்பத்தை எப்படி அழிக்கும் என்பதை அன்றாடக் காரியம்போல் காட்டிக்கொண்டே போகிறார்கள். கஜ்ராஜ் ராவ் நடித்த ஆய்வாளர் தனிராம் கொடியவர் அல்லர்; அதுதான் அச்சம் தருகிறது. தனக்குப் பழக்கமில்லாத வாழ்க்கை முறை எதைக் கண்டாலும் அதில் ஒழுக்கக்கேடு இருப்பதாகவே அவருக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் பேசும் வீடு, தனியறையில் உறங்கும் மகள், தோழர்களுக்கு அனுப்பிய செய்திகள்: இவையெல்லாம் அவருக்குக் குற்றத்தின் அடையாளங்கள். இந்தக் கண்களை நாம் நம் தெருவிலும் பார்த்திருக்கிறோம். நம்மை நோக்கியும் அவை திரும்பியதுண்டு. நாமும் அக்கண்களால் பிறரைப் பார்த்ததுண்டு.

கொங்கொணா சென் சர்மாவின் நடிப்பைத் தனியே சொல்ல வேண்டும். அந்தத் தாயின் முகம் ஒன்றுதான். காவலரின் கதையில் வரும்போது அது கல்நெஞ்சக்காரியின் முகமாகத் தெரிகிறது. மற்றொரு கதையில் வரும்போது துயரத்தால் மரத்துப்போன முகமாகத் தெரிகிறது. நடிகை செய்திருக்கும் மாற்றம் மயிரிழை அளவுதான். மற்றதை நாமே செய்துகொள்கிறோம். அரபு அகராதியாளர்கள் ‘அள்தாத்’ என்று ஒரு வகைச் சொற்களைத் தொகுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இரு பொருள்களைத் தாங்கும் சொற்கள். ‘ளன்னு’ என்பது அவற்றுள் ஒன்று. ஐயம் என்பதும் அதன் பொருள். உறுதி என்பதும் அதன் பொருள். மாணவராக இருந்தபோது இஃது என்ன விந்தை என்று எண்ணினோம். ஊகம் எந்த இடத்தில் உறுதியாக மாறுகிறது என்பது ஊகிப்பவனுக்கே தெரிவதில்லை என்பதை அம்மொழி அறிந்திருக்கிறது. சஹனைச் சுற்றி அமர்ந்திருந்த நமக்கு அன்று தெரியவில்லை.

அஷ்வின் குமாரின் மணவாழ்க்கை முறிவைக் காட்டும் பகுதிகள் படத்திற்குத் தேவையில்லை. தபு போன்ற நடிகையை அழைத்துவந்து வீணாக்கியிருக்கிறார்கள். அதைவிட்டுவிடலாம்.

இறுதிப் பகுதியில் ஒரு கூட்டம் வருகிறது. ஒரே துறையின் இரு குழுக்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து, யார் கொன்றார்கள் என்று வாதிடுகின்றன. சிரிப்பு எழுகிறது; குத்தல் பேச்சு நடக்கிறது. இரண்டு உயிர்களின் இறுதிக் கணங்கள் அங்கே வாதப் பொருளாக, சில வேளைகளில் வேடிக்கைப் பொருளாக ஆகின்றன. முடிவில் உண்மை எது என்பதைவிட, எந்த அறிக்கை எழுதினால் எல்லாருக்கும் தொல்லை இல்லை என்பதே தீர்மானமாகிறது. நல்ல நாடகாசிரியனுக்கே கைவரும் காட்சி இது. பார்த்துக்கொண்டிருந்த நாமும் ஓரிடத்தில் சிரித்துவிட்டோம். பிறகு வெட்கமாக இருந்தது.

இவ்வளவு பாராட்டிய பிறகு குறையைச் சொல்கிறோம். அதனை முதலிற் கண்டவர் நாம் அல்லர். மகளார் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையார் ஒருவர், வேலை முடித்து நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் இடையிடையே கதையைத் தமிழில் சொல்லிவந்தார். மொட்டை மாடிப் பிணத்தின் காட்சி முடிந்து நெடுநேரம் ஆன பின் அந்த அம்மையார் கேட்டார்: “அசரத்து, அந்தச் சமையக்கார ஆளுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா?”

இருந்தார்கள். மெய்யான அப்பணியாளருக்கு நேபாளத்தில் மனைவி இருந்தார், குடும்பம் இருந்தது. படத்தில் ‘கேம்பால்’ என்று பெயர்பெற்ற அவரைப் பற்றி நாம் என்ன அறிந்துகொண்டோம் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். முதலில் அவர் தப்பியோடிய கொலைகாரர். பிறகு தகாத உறவுக்காரர். பிறகு தம் அறையில் கண்டவரைச் சேர்த்துக்கொண்டதால் மாண்டவர். மூன்று கதைகளிலும் அவர் பிறருடைய கதைக்கு வேண்டிய ஓர் உடல். சிறுமியின் பள்ளி, தோழிகள், தாயின் மடி ஆகியவற்றுக்கெல்லாம் திரையில் இடம் இருக்கிறது. அந்த மனிதரின் வீட்டாருக்கு யார் செய்தி சொன்னார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நம் நினைவில் நிற்கும்படி ஒரு காட்சியும் இல்லை. நாளேடுகளும் அப்படியேதான் செய்தன. அவ்வழக்கு இன்றும் ஊரார் வாயில் சிறுமியின் பெயராலேயே வழங்குகிறது. கொலையுண்டவர் இருவர்.

அந்த அம்மையாரின் வினா நம்மை வேறொன்றையும் பார்க்கச் செய்தது. பெற்றோரைக் கொலையாளிகளாகக் காட்டும் கதைகளைப் படம் எள்ளலோடு காட்டுகிறது. அதைச் சொல்பவர்கள் மடையர்கள், அல்லது பதவிக்கு ஆசைப்படுபவர்கள். கம்பவுண்டரையும் அவர் கூட்டாளிகளையும் குற்றவாளிகளாகக் காட்டும் கதையிலோ எள்ளல் இல்லை. அதைச் சொல்பவர் இர்பான் கான். அவருடைய களைத்த கண்களை யார் நம்பாமல் இருக்க முடியும்? காட்சிகள் அமைதியாகவும் கோவையாகவும் ஓடுகின்றன. இரு பக்கமும் காட்டுவதாகத் தோன்றும் படம், இவ்விடத்தில் துலாக்கோலின் ஒரு தட்டில் மெல்லக் கையை வைத்துவிடுகிறது. பார்த்து எழுந்த மருமகன், “அப்போ அந்த வேலைக்காரப் பசங்கதான் கொன்னிருக்காங்க, மாமா” என்றார். படம் அவரை அவ்வாறு சொல்லச் செய்தது.

அந்தக் கதைக்கு ஆதாரம் யாது? பெரும்பகுதி, மயக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அரை உறக்கத்தில் கேள்வி கேட்கும் ‘நார்கோ’ சோதனை. 2010 மே 5 ஆம் நாள் உச்சநீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில், ஒருவரின் இசைவின்றி இச்சோதனையைச் செய்யக்கூடாது என்றும், இசைந்து செய்தாலும் அதில் உளறியதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்றும் தீர்ப்பளித்தது. மருந்து ஏறிய மனிதன் உண்மையும் சொல்வான், கனவும் சொல்வான், கேட்பவர் எடுத்துக்கொடுத்ததையும் சொல்வான். நீதிமன்றத்தில் செல்லாத அந்த உளறல் திரைப்படத்தில் செல்லுபடியாகிறது. செல்லுபடியாவதோடு, நடிகர்களைக் கொண்டு நடித்துக் காட்டவும்படுகிறது. கண்ணால் கண்டதற்குமேல் சான்று ஏது? ஆனால் நாம் கண்டது கொலையை அன்று. ஒருவர் உளறியதாக ஒருவர் சொன்னதை மற்றொருவர் படமாக எடுத்ததைக் கண்டோம்.

படத்தின் சார்பில் ஒரு பேச்சு உண்டு. நொய்டாவின் பல் மருத்துவருக்கு வழக்கறிஞர் இருந்தார்கள், உறவினர் இருந்தார்கள், அவர் வழக்கை ஆராய்ந்து நூல் எழுத அவிரூக் சென் என்னும் இதழாளர் இருந்தார். அப்படி இருந்தும் சிறை சென்றார். ஆகவே ஒரு படம் அவர் பக்கம் நின்றால் என்ன? நியாயமான பேச்சே. அநீதியாகச் சிறைப்பட்டதாகத் தான் நம்பிய இருவருக்காகக் கலைஞர் ஒருவர் குரல் கொடுப்பதை நாம் குறை கூறோம். ஆனால் அவ்விருவரையும் விடுவிக்க வேறு மூவரைக் கட்டிவைக்க வேண்டிய அவசியம் இல்லை. அம்மூவருக்குப் படம் எடுக்க யாரும் இல்லை. எடுத்த படத்தை எதிர்த்து வழக்காடப் பொருளும் இல்லை. அதே 2015 ஜனவரியில் வெளியான ‘ரஹஸ்யா’ என்னும் படம் தங்கள் கதையைத் தழுவியது என்று அந்தப் பெற்றோர் ஆட்சேபித்தார்கள். அது அவர்களின் உரிமை. கம்பவுண்டரின் ஆட்சேபம் எந்த மன்றத்தில் எழும்? பெயரை மாற்றிவிட்டோம் என்பது விடையாகாது. நாடே அறிந்த ஒரு வழக்கில் பெயரை மாற்றுவது முகத்திரை ஆகாது.

படம் வந்து ஈராண்டு கழித்து, 2017 அக்டோபர் 12 ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் பெற்றோர் இருவரையும் விடுதலை செய்தது. அத்தீர்ப்பைப் பற்றிய செய்திகளை நாம் ஆர்வத்தோடு படித்தோம். படம் எழுப்பிய ஐயங்கள் சிலவற்றை நீதிபதிகளும் எழுப்பியிருக்கிறார்கள். அன்று காலை வேலைக்கு வந்த பெண்ணின் சாட்சியம் வழக்குக்கு முக்கியமானது. வெளிக்கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்ததா, வெளியிலிருந்தா என்பதைப் பொறுத்தே, வெளியாள் எவரும் வந்து சென்றிருக்க முடியுமா என்பது தெரியும். அந்தப் பெண்ணோ, தனக்கு எது சொல்லிக்கொடுக்கப்பட்டதோ அதையே சொல்வதாகக் குறுக்கு விசாரணையில் கூறிவிட்டார். அச்சாட்சியத்தின்மேல் உயர்நீதிமன்றம் எதையும் கட்ட மறுத்தது. பெற்றோரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க முடியாது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஐயத்தின் பயன் அவர்களுக்கே உரியது என்றது.

நீதிபதி ஏ. கே. மிஸ்ரா தம் தனிக் குறிப்பில் விசாரணை நீதிபதியைக் கண்டிக்கிறார். கணித ஆசிரியர் சில எண்களை வைத்துக்கொண்டு கணக்கைத் தீர்ப்பதுபோல் அவர் வழக்கைத் தீர்க்கப் பார்த்தார் என்கிறார். அடுத்து அவர் கூறுவதுதான் நமக்கு வேண்டியது: சிதறிக் கிடந்த செய்திகளுக்குள் இல்லாத ஒரு கோவையைப் புகுத்த, ஒரு திரைப்பட இயக்குநரைப்போல் முயன்றார் என்கிறார். ஒரு நீதிபதியைக் கடிந்துகொள்ள மற்றொரு நீதிபதிக்குக் கிடைத்த உவமை திரைப்பட இயக்குநர்! மேக்னா குல்சார் இதைப் படித்திருப்பாரா என்று எண்ணிக்கொண்டோம். தாங்கள் சாடிய தீர்ப்பின் குற்றம் என்னவென்று உயர்நீதிமன்றம் கண்டதோ, அந்தக் குற்றம் படத்தின் நடுப்பகுதியில் அப்படியே இருக்கிறது. நீதிபதிகள் ‘இவர்கள் செய்ததாக நிரூபணம் இல்லை’ என்று கூறி நிறுத்திக்கொண்டார்கள். ‘அவர்கள் செய்தார்கள்’ என்று அவர்கள் சொல்லவில்லை. படம் சொல்லிவிட்டது.

சொல்லாமல் ஒரு படத்தை முடித்திருக்க முடியுமா, துப்பறியும் கதையைப் பார்க்க வந்தவர்கள் சகிப்பார்களா என்று மருமகன் கேட்டார். முடியும் என்றே நினைக்கிறோம். அந்த அதிகாரிகளின் கூட்டக் காட்சியோடு முடித்திருந்தாலே போதும்.

இல்லங்களில் பார்ப்போர்க்கு இரண்டு செய்திகள். குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்கத் தக்க படம் அன்று. காயங்களை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். இரண்டாவது, படம் பெற்றோரைச் சிறையிலேயே விட்டு முடிகிறது. அதுவே வழக்கின் முடிவு என்று கொள்ளலாகாது. 2017 அக்டோபர் 16 ஆம் நாள் அவர்கள் தாஸ்னா சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அவ்விடுதலையை எதிர்த்துப் புலனாய்வுத் துறையும், கொலையுண்ட பணியாளரின் மனைவியும் உச்சநீதிமன்றத்தை அணுகினார்கள்.

அந்த அம்மையாரிடம், ஆம், அவருக்கு மனைவி உண்டு, தில்லி வரை வந்து வழக்காடினார் என்று மறுநாள் சொன்னோம். “அவ பேரு என்ன?” என்று கேட்டார்.